ஆறாவது கலம்

முக்கூடல் பள்ளிக்கூடத்து விபத்துப் பதிவேட்டில்
பதினோரு வருசத்துக்கு நாலே பதிவு.
ஆறாவது கலம்: காரணம்.
நாலிலும் என் கையெழுத்து, ஒரே சொல்:
கவனக்குறைவு.

இன்னைக்கு பிரம்மசக்தி.
சாம்பார் அண்டாவோடு சமையல்கூடப் படியில் சறுக்கி
முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கேட்கிறாள்:
"பிள்ளையளுக்கு மத்தியானம் என்னக்கா போட்டிய?"

"அடுத்த வாரம் ஆய்வு வருது,
இப்போதைக்கு பென்சில்ல எழுதி வைங்கம்மா"
ஹெட்மாஸ்டர் கண்ணாடியைத் துடைக்கிறார்.

எழுந்துபோய்ப் பார்த்தேன்.
படியோரம் உடைந்து கம்பி தெரிகிறது.
கம்பியில் பருப்பு காய்ந்திருக்கிறது,
எறும்பு வந்தாச்சு.
மர ஸ்கேல் வைத்து அளந்தேன்,
மூணரை அங்குலம் இல்லை.

பேனாவில் எழுதினேன்: படி.

அதற்குக் கீழே என் பெயர்.
ஆறு வருசத்துக்கு முந்தி, ஐப்பசி மழை,
அதே படி, இடது கணுக்கால்.
பஸ்ஸில் வழுக்கிட்டேன் என்றுதான்
வீட்டிலும் சொல்லியிருந்தேன்.

கடைசிக் கலம்:
தாமதமாகத் தெரிவித்தால் அதற்குக் காரணம்.
ரெண்டு விரல் அகலம்கூட இல்லை.
எழுத எழுத
ஓரத்தில் முட்டித் திரும்பி
பக்கத்தின் மேலே ஏறுகிறது என் கையெழுத்து,
பழைய நாலு பெயர்களையும் உரசிக்கொண்டு.