கூப்பிடு தூரம்

குற்றப்பத்திரிகையின் மூன்றாம் வரியில்
'கோசாவ' என்று இருக்கிறது.
அவருக்குத் தமிழில் சொல்லுங்கள் என்கிறார் நீதவான்.
ஹட்டனில் மழை. தகரக் கூரை.
இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது அவருக்கு.

சத்தம் என்று சொல்லலாம்.
சத்தம் பீலித் தண்ணீருக்கும் உண்டு.
அமளி என்றால் பாராளுமன்றம்.
ஆர்ப்பாட்டம் என்றால் பதாகை வேண்டும்,
முன்னால் நிற்க ஒரு தலைவர், படம் பிடிக்க ஒரு ஆள்.
அன்றைக்கு இருந்தது
இடுப்பில் படங்கு கட்டிய ஒருத்தி.

பதினாறு வருடமாக இந்தக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.
காணி, களவு, கசிப்பு, தாபரிப்பு,
எதற்கும் சொல் தட்டுப்பட்டதில்லை.

கூண்டில் தங்கேஸ்வரி.
இடது கண் இன்னும் வீங்கியே இருக்கிறது. குளவி.
"என்ன செய்தீர்கள்?"
"கூப்பாடு போட்டேங்க."

கூப்பாடு.
பிரித்துப் பார்த்தால் அடியில்
ஒரே ஒரு எழுத்துதான் கிடக்கிறது: கூ.
பனி இறங்கி நிரை மறையும்போது
பக்கத்து நிரைக்காரி இருக்கிறாளா என்று விடுகிற கூ.
பதில் வந்தால்
கை மறுபடி செடிக்குப் போகும்.

எட்டாம் நம்பர் மலையில் கூடு கலைந்தபோது
முதலில் கூவியது இவள்.
மற்றவர்கள் குப்புற விழுந்தார்கள்.
அப்புறம் ஒவ்வொரு நிரையாகப் பதில் வந்தது,
பவளமணியின் நிரையைத் தவிர.

கொழுந்து லொறியில் ஆள் ஏற்ற முடியாது என்றார்களாம்.
ஆஸ்பத்திரி பதினொரு மைல்.
இவள் ஃபெக்டரி வாசலில் நின்று
அதே கூவைப் போட்டிருக்கிறாள்.
மேக்கணக்கு வந்தது, கீழ்க்கணக்கு வந்தது,
ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம்கூட இறங்கி வந்தது.
யாரும் என்னவென்று கேட்கவில்லை.

கூப்பிடு தூரம் என்று
நம்மிடம் ஒரு அளவு இருக்கிறது.
மைல்கட்டை இல்லாத அளவு.
துரை பங்களா அதற்குள்தான் வருகிறது.
கண்ணாடி ஜன்னல்.

நீதவான் பேனாவோடு காத்திருக்கிறார்.
கோசாவ என்றே திருப்பிச் சொல்லியிருக்கலாம்,
வழக்கு முடிந்திருக்கும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருப்போம்.
"பதில் கேட்டிருக்கிறார், கனம் நீதவான் அவர்களே"
என்றேன் சிங்களத்தில்.

அது மொழிபெயர்ப்பு இல்லை என்று
பொலிஸ் சார்ஜன் எழும்பி ஆட்சேபித்தார்,
மேசையில் தட்டி, கூரைக்கு மேலாகக் கேட்கும்படி.

அதற்கு என்ன சொல் என்று
யாரும் என்னைக் கேட்கவில்லை.