ஆல்பேட்டை சாவடியில் ஒரு முதுகு

ஆல்பேட்டையில் பேருந்தை நிறுத்தி
பையைக் கவிழ்க்கச் சொன்னார்கள்.
புட்டி தேடிய கைக்கு
வட்டமாய் ஒன்று தட்டுப்பட்டது.
"என்னம்மா இது?"
"எங்க வீட்டுக்காரர் முதுகு சார்."
பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள்.
காவலர் அதை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.
வானவில் தெரிந்தது, எலும்பு தெரியவில்லை.
போகச் சொன்னார்.

முந்தாநாள் புதுச்சேரியில் எடுத்த படம்.
அரைமணி நேரம் குழாய்க்குள் அசையாமல் கிடந்துவிட்டு
உள்ளே யாரோ ஐஸ் உடைக்கிறார்கள் என்றார் ஆதிமூலம்.
துறைமுகத்தில் பதினாறு வருடம்
பாளம் பாளமாய்த் தூக்கியவருக்கு
வேறெந்தச் சத்தம் கேட்கும்.

முள்ளோடை தாண்டினால்
பெட்ரோல் விலை மாறும், பிராந்தி விலை மாறும்.
முதுகும் மாறும் என்று
யார் கண்டது.

மஞ்சக்குப்பம் டாக்டரின் கணினி
தாம்பாளம் போல மெலிசு,
மூடியில் கடித்த ஆப்பிள்.
நான்கு ஓரமும் பார்த்துவிட்டேன்,
தட்டு நுழைய வாய் இல்லை.
"இதுல டிஸ்க் ஓடாதும்மா.
படமா எடுத்து போன்ல அனுப்புங்க."
படம்தானே சார் கொண்டுவந்திருக்கேன் என்று
வாய் திறப்பதற்குள்
பதினேழாம் நம்பர் டோக்கன் உள்ளே வந்துவிட்டது.

லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை.
செய்யதுவின் பழைய பெட்டி
தட்டை விழுங்கி, உறுமி, யோசித்து
நூற்று எண்பத்துநான்கு கோப்புகளைக் கக்கியது.
ஒன்றுக்கும் பெயரில்லை, வாலில்லை,
வெறும் எண்கள்.
ஐஸ் கம்பெனியில் டோக்கன் கிழிக்கிறவள் நான்,
எண்ணோடு பழக்கம்தான். ஆனாலும் இது
மனுஷன் இல்லையா.

ஒன்றைத் தட்டினான்.
எதைக்கொண்டு திறக்கட்டும் என்று கேட்டது பெட்டி.
பெயிண்ட்டில் முயன்றான், முடியாது என்றது.
சும்மா பார்ப்போமே என்று
நோட்பேடில் திறந்தான்.
கட்டம் கட்டமாய், கேள்விக்குறியாய்,
எந்த ஊர் எழுத்தோ பக்கம் பக்கமாய் ஓட
இடையில் தெளிவாக அவர் பெயர்.
நாற்பத்தாறு வயது. ஆண்.
"அவ்ளோதான்க்கா தெரியுது."

பத்தொன்பது வருடத்தில்
நானும் ஏறக்குறைய அவ்வளவுதான் வாசித்திருக்கிறேன்.
வலிக்குதா என்று கேட்டால்
அவர் முகத்திலும் இப்படித்தான்
கட்டம் கட்டமாய் ஏதோ ஓடும்.

தட்டுக்குள்ளேயே ஒரு நிரல் ஒளிந்திருந்ததைச்
செய்யதுதான் கண்டுபிடித்தான்.
திரை கறுத்தது. கறுப்பிலிருந்து
சாம்பல் நிறத்தில் எழுந்தன
ஒன்றன்மேல் ஒன்றாய் பாளங்கள்,
அடியில் ஓரிடத்தில் மட்டும்
அடுக்கியவன் கை பிசகினாற்போல.
சேமிக்கும் பொத்தான் மங்கிக் கிடந்தது,
எத்தனை அழுத்தியும் அசையவில்லை.
"விடுங்கக்கா" என்று எழுந்துபோய்
டியூப்லைட்டை அணைத்தான்.
திரைக்கு நேரே என் போனைப் பிடித்தேன்.
பதினொரு படம்.
எல்லாவற்றின் மேலும் மெல்லிய மீன்வலை விரித்தாற்போல்
வளைந்து வளைந்து கோடுகள்.
இருபது ரூபாய் வாங்கிக்கொண்டான்.

டாக்டர் இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார்.
"டிஸ்க்தாம்மா பிதுங்கியிருக்கு."
என் கை தானாகப் பைக்குள் போய்த் தடவியது.
இன்னும் விரித்தார்.
"இது யாரு, நடுவுல?"
எலும்புக்குப் பின்னாலிருந்த கறுப்பில்
போனைத் தூக்கிப் பிடித்தபடி நான்.
தோளில் பை, முதுகுக்குப் பின்னால் கடைவாசல் வெளிச்சம்,
அதில் யாருடையதோ பைக்.
வேறு படம் இருக்கிறதா என்றார்.
பதினொன்றிலும் இருந்தேன்.

பரவாயில்லை என்று
மாத்திரை எழுதினார். மூன்று மாதம்
பாளம் தூக்கக் கூடாது.

சாயங்காலம் ஆதிமூலத்திடம் போனைக் கொடுத்தேன்.
பிசகிய இடத்தைக் காட்டினேன், அவர் கவனிக்கவில்லை.
குப்புறப் படுத்தபடியே
பதினொன்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு
"காலையில சாப்பிடலையா நீ?"
என்றார்.