ஓரவஞ்சனை

முனைக்காட்டுக் கரையிலிருந்து
வத்தையில் பத்து நிமிடம்.
வடக்குக் கூண்டு, தெற்குக் கூண்டு.
ஒவ்வொன்றிலும் எண்ணி விட்ட
எழுநூற்றைம்பது கொடுவாக் குஞ்சு,
ஆளுக்கு ஒரு விரல் நீளம்.

வடக்குக்கு மருந்துத் தீவனம்.
தெற்குக்கு வெறுந்தீவனம்.
அப்படித்தான் நோட்டில் கோடு போட்டேன்,
சிவப்பு மையில் வ, நீல மையில் தெ.

மருந்து என்றால் சீசா மருந்து இல்லை.
அதை ஊற்றித்தான் போன வருஷம்
தூத்துக்குடிக் கம்பெனிக்காரன்
சதையில் மருந்து நிற்கிறதென்று
ஐஸ் பெட்டியோடு திருப்பி அனுப்பினான்.
சங்கத்துக் கடன் இன்னும்
என் தலையணைக்கு அடியில் நெளிகிறது.

இந்த முறை
உரித்த பூண்டு, கிலோ தீவனத்துக்கு இருபது கிராம்.
விரலி மஞ்சள் அதில் பாதி.
கரையில் ஒதுங்கிய கட்டக்கோரைப் பாசி,
மூன்று நாள் வெயிலில் முறுகக் காய்ந்தது.
எல்லாம் உருண்டையில் ஒட்டி நிற்க
ஜவ்வரிசிக் கஞ்சி.

அரைத்துக் கலக்குகிறவள் நம்புநாயகி.
அம்மியிலா என்று கேட்காதீர்கள், மிக்ஸிதான்.
மோட்டார் இரண்டு முறை புகைந்தது,
செலவுக் கணக்கில் அதுவும் உண்டு.

முதல் வாரம் மீன்கள் துப்பின.
வாயில் வாங்கி, ஒரு கணம் யோசித்து,
உப்பில்லாத கஞ்சியைப்போல் வெளியே தள்ளின.
அவள் பூண்டை ஒரு நாள் முன்னதாகவே அரைத்து
காரம் ஆறவிட்டு,
மேலே கொஞ்சம் கணவாய் எண்ணெய் தடவினாள்.
“இப்பப் பாருங்க.”
தண்ணீர் கொதித்தது.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை
முப்பது மீன் அள்ளித் தராசில் போடுவேன்.
எண்பது கிராம், நூற்றறுபது, இருநூற்றெழுபது.
செவுளைத் தூக்கிப் பார்ப்பேன்.
சிவப்பு,
மீன்கடையில் யாரும் பூசிக் காட்ட முடியாத சிவப்பு.
வாலில் அரிப்பு இல்லை. செதிலில் பேன் இல்லை.

சிக்கல் என்னவென்றால்
தெற்கிலும் இல்லை.

கச்சான் நின்று வாடை ஏறியதாலா?
நீரோட்டமா? வலை புதுசு என்பதாலா?
ராத்திரியெல்லாம் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு
இரண்டு மைக்கும் நடுவே ஏதாவது தேடினேன்.
வடக்கு நானூற்றுப் பதினைந்து.
தெற்கு நானூற்றுப் பதிமூன்று.
இரண்டு கிராம்.
ஒரு மீன் தும்மினால் போய்விடும்.

ஐந்தாம் மாதம், திரும்பும் வழியில்,
துடுப்பை மடியில் போட்டுக்கொண்டு
என் முகத்தைப் பார்க்காமல் அவளாகவே சொன்னாள்:
“ரெண்டுக்குந்தான் போட்டேன்.
வடக்க மணக்க மணக்கக் கொட்டிட்டு
தெக்க வெறுங்கையா போன மாதிரி போனா
அதுக மேல வந்து
வாயத் தொறந்து பாக்குதுக.
ஒரே பந்தியில ஓரவஞ்சனை
எனக்குக் கைவரல.”

கூடுதல் பூண்டுக்குக் காசு ஏது என்றேன்.
கோபத்தில் வாயில் வந்தது அதுதான்.

“கூடுதல் ஏது? அதே பூண்டு. பாதி பாதி.”

வத்தை ஆடியது.
ஐந்து மாத நோட்டு என் அக்குளில் நனைந்தது.
பாதி அளவே போதும் என்று எழுதலாமா?
பூண்டே தின்னாத மீன் எதுவும்
இந்தக் கடலில் என்னிடம் இல்லையே,
எதற்குப் பக்கத்தில் எதை நிறுத்த?
பூண்டு காப்பாற்றியதா, நல்ல தண்ணீரா,
அல்லது நோய் இந்த வருஷம்
வழி மறந்து வேறு பக்கம் போனதா?

வீட்டுக்கு வந்து எழுதினேன்:
அளவு பாதி. கூண்டு இரண்டு. ஒப்பிட ஒன்றுமில்லை.
நீல மையை அடிக்கவில்லை.
அடுத்த வருஷம் தெற்குக்கு வேறு ஆள்,
என்று எழுதி, அதை மட்டும் அடித்தேன்.

மறுநாள் காலை அவள் தெற்கு வலைமேல் குனிந்தாள்.
கை இன்னும் வாளிக்குள் போகவில்லை.
நிழலுக்கே ஏறி வந்தன.

அறுவடைக்கு இன்னும் நாளிருக்கிறது.
கம்பெனிக்காரன் விலை சொல்லவில்லை.