வெறும் கம்பி இருபது கிலோ

காரைக்குடி செக்காலை ரோட்டில், மருந்துக்கடை மாடியில்,
பெண்களுக்குக் காலை ஐந்தரை முதல் ஏழு வரை.
முதல் நாள் நேராகப் பன்னிரண்டரைக் கிலோவிடம் போனேன்.
இருபது வருஷமாக சிலிண்டர் உருட்டுகிறவள்,
கிரைண்டர் கல்லை அலுங்காமல் தூக்கிக் கழுவுகிறவள்.
ரோஸ் நிறக் குண்டை எடுக்க வெட்கமாக இருந்தது.
ஒன்றரைக் கிலோ. கிலுகிலுப்பை மாதிரி.

சகாயமேரி தடுக்கவில்லை.
"பத்துத் தடவை" என்றாள்.
ஏழாவதில் இடுப்பு வளைந்து, தோள் காதுவரை ஏறியது.
எட்டாவதைத் தூக்கியது நான் இல்லை,
என் வீம்பு.

அடுத்த நான்கு நாள்
தலைக்குப் பின்னால் கை போகவில்லை.
பின்னலும் இல்லாமல் கொண்டையும் இல்லாமல்
ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டு வங்கிக்குப் போனேன்.
மேனேஜர், "புது ஸ்டைலா உமையாள்?"

நகைக்கடன் பிரிவு என்னுடையது.
ஃபேனை நிறுத்திவிட்டு
மில்லிகிராம் பார்க்கிற வேலை.
அரக்கு இருந்தால் கழிப்போம்,
கல் இருந்தால் கழிப்போம்,
சந்தேகம் இருந்தால் அதையும் கழிப்போம்.
என்னை நிறுத்தபோது மட்டும்
எதையுமே கழிக்கவில்லை.

ஐந்தாம் நாள் மேரி கையில் கொடுத்தது மாப்புக் குச்சி.
முதுகோடு ஒட்டிப் பிடிக்கணும்.
பின்தலை, நடுமுதுகு, வாலெலும்பு
மூன்றும் குச்சியை விடக்கூடாது.
"ரெண்டு கையிலும் சாமான். கார்க் கதவைப்
பின்பக்கத்தாலேயே தள்ளிச் சாத்துங்க. அதான் குனியறது."
கார் இல்லாத நான்
பீரோக் கதவை நினைத்துச் சாத்தினேன்.
இரண்டு வாரம் சாத்தினேன்.

அப்புறம்தான் கம்பி.
வட்டு மாட்டாத வெறும் கம்பியே இருபது கிலோ,
மகன் ஒன்றாவது சேர்ந்த அன்றைய எடை.
மேரியின் கணக்கு சின்னது:
பத்து முறை முடிந்தபின்
உள்ளே இன்னும் இரண்டு மிச்சம் இருக்கணும்.
ஐந்தாறு மிச்சமா, ஏற்று.
மிச்சமே இல்லையா, இறக்கு,
இறக்குவதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்காதே.
பக்கத்தில் பள்ளத்தூர்க் கல்லூரிப் பெண்
அறுபது ஏற்றுகிறாளா, ஏற்றட்டும்.
அது அவள் ரசீது.

ஆடியில் ஒரு திங்கட்கிழமை
பக்கத்துக்கொன்றாக ஒன்றேகால் கிலோ வட்டு.
வெள்ளைப் பணியாரத்தைவிடக் கொஞ்சம்தான் அகலம்.
மாட்டியதும் கம்பி
என்னிடம் மரியாதையாகப் பேசுவதை நிறுத்தியது.

அந்த வாரம்தான் பாண்டிமீனா வந்தாள்.
சங்கிலி, பதினொன்று புள்ளி இரண்டு நாலு.
தட்டை நீட்டிய என் கையைப் பார்த்தாள்,
விரலடியில் நாலு காய்ப்பு.
"என்னக்கா, நீங்களும் சட்டி தூக்குறீங்களா?"
"தூக்குறேன். மாசம் எண்ணூறு ரூபா கட்டித் தூக்குறேன்."
ஃபேன் நின்ற கவுன்ட்டரில்
அவள் சிரித்த சிரிப்புக்குத்
தராசு மூன்று மில்லி ஆடியது.

என் கையை இழுத்து விரித்தாள்.
"உள்ளங்கைக்குள்ள போட்டு நசுக்குறீங்க, தோல் மடியுது.
விரல்ல தொங்க விடுங்க."
மேரி சொல்லிச் சொல்லி நான் கேட்காதது.

எங்கே வேலை என்றேன்.
கானாடுகாத்தானில், ஹோட்டலாகிற ஒரு வீட்டுக்கு நீச்சல் குளம்.
சட்டி எத்தனை கிலோ?
"யாரு நிறுத்தா? அள்ளிப் போடுறவன் கை எவ்வளவோ அவ்வளவு."
எத்தனை தடவை?
"கான்கிரீட் முடியற வரைக்கும்."

இரண்டு மிச்சம் வைத்துக்கொள்
என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
கையெழுத்து போடும் இடத்தைக் காட்டினேன்.

மறுநாள் விரலில் தொங்கவிட்டேன்.
இருபத்திரண்டரை. பத்து.
தோல் மடியவில்லை.
"அட, யாரு சொல்லிக் குடுத்தா?" என்றாள் மேரி.
கஸ்டமர் ஒருத்தர், என்றேன்.