சீலாவின் நாடி

அந்தியூர்ச் சந்தையில் சேகு மதார்
சுழி பார்த்துத்தான் வாங்கினார்.
நெற்றியில் ஒன்று, கழுத்தில் இரண்டு,
குடியைக் கெடுக்கும் சுழி ஒன்றுமில்லை என்று
தரகர் சத்தியம் செய்தார்.
தோள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று
இருவரும் பார்க்கவில்லை.

கத்தியவார் இனம்.
காது நுனி இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு
எதையோ குசுகுசுத்தபடி இருக்கும்.
கீழக்கரையில் லாரியிலிருந்து இறங்கியபோது
ஒல்லி, நீளம், வெயில் பட்டால் வெள்ளி.
வலை இழுத்துக்கொண்டிருந்த பையன்
"சீலாடா" என்றான்.
மீன் பெயர் ஒட்டிக்கொண்டது.

முதலில் வண்டிப் பந்தயம்.
நடுக்குதிரைப் பிரிவு, ஏர்வாடி ரோடு.
துள்ளுநடை கலைந்து பாய்ந்தால் வெளியே.
சீலாவுக்குத் துள்ளவே தெரியாது.
ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டையும் சேர்த்து வீசி
முதுகில் வைத்த சொம்பு தளும்பாமல் போகும்.
சாட்டை விழுந்ததும் பாய்ந்துவிட்டது.
முதல் மைல்கல்லிலேயே சிவப்புக் கொடி.

அப்புறம் மாப்பிள்ளை ஊர்வலம்.
டிரம் செட் தொடங்கியது.
மாப்பிள்ளை இறங்கினார்.
எப்படி என்று கேட்க வேண்டாம்.

மதுரையிலிருந்து ஒரு பயிற்சியாளரும் வந்தார்.
முழங்கால் உயரத்துக்குப் பனந்தடி போட்டுத்
தாண்டச் சொன்னார்.
சீலா நின்றது, மோந்தது,
தடியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது.
"தோள் நட்டுக்குத்தல், இடுப்பில் உந்தல் கிடையாது,
புத்தியும் மட்டு" என்று எழுதிக்கொடுத்தார்.
மூன்றாவதை மட்டும் நான் ஒப்பவில்லை.

எனக்கு அரசு கால்நடை மருந்தகம்.
ஆட்டுக்குக் குடற்புழு, கோழிக்குக் கழிச்சல்.
சேகு மதார் என்னைக் கூப்பிட்டது
ஏதாவது ஊசி உண்டா என்று கேட்க.

ஊசிக்குப் பதில் நாடா எடுத்தேன்.
முழங்காலுக்குக் கீழ் எலும்பு ஏழரை அங்குலம்.
குளம்பு சிரட்டை போல, தட்டினால் மணி.
விலா கடைசிவரை அகன்று
மூச்சுக்கு நிறைய இடம் விட்டிருந்தது.
தோல் மெல்லிசு. வியர்வை நிற்காமல் காயும்.
ஒற்றைக் காக்கைக்கு மிரளும்,
அடுத்த அடியில் அதை மறந்துவிடும்.
கூட்டம் ஆகாது.
முன்னால் வெறும் கரை கிடந்தால்
காது இரண்டும் அதைப் பார்த்தே நிற்கும்.

வேப்பேரியில் படித்தபோது
என்.சி.சி.யில் குதிரை ஏறியிருக்கிறேன்.
மாசிக் கடைசி, வாடை ஓய்ந்த ஒரு விடியலில்
ஈரமணல் ஓரமாக விட்டேன்.
சேதுக்கரையில் வெளிச்சம் வந்தது.
பெரியபட்டினத்தில் நாய்கள் துரத்திச் சலித்தன.
புதுமடத்தில் கரைவலைக் கயிறு குறுக்கே.
சீலா அதையும் நின்று, மோந்து,
ஆளைப் பார்த்து, சுற்றிப் போனது.
வேதாளை வரை ஒரே நடை.
கடிவாளத்தை நான் தொட்டதே குறைவு.

சேகு மதார் ரோட்டோரமாக மொபெட்டில் வந்தார்.

இறங்கினேன். நெஞ்சில் குழாய் வைத்தேன்.
எண்பத்தாறு.
இரண்டு வாளித் தண்ணீர், கொஞ்சம் உடைமர நிழல்,
பத்து நிமிஷம்.
நாற்பத்தெட்டு.

"இதுக்கு ஒரு பந்தயம் இருக்கு" என்றேன்.
"எண்பது மைல், நூறு மைல்.
வழியில் நிறுத்தி நாடி பார்ப்பாங்க.
அறுபத்து நாலுக்கு இறங்கினால்தான் மேலே விடுவாங்க."

"கப்பு உண்டா?"
"உண்டு."
"எங்கே?"
"அரபு நாட்டில்தான் பெரிசா நடக்கும்."

அவர் சிரித்த சிரிப்புக்குச் சீலாவே திரும்பியது.
"அபுதாபியில் பத்தொம்பது வருஷம், டாக்டரம்மா.
குதிரை லாயத்துக்கு ஏசி மாட்டுற வேலை.
நெஞ்சில் குழாய் வைக்கிறதைத் தினம் பார்ப்பேன்,
சீக்குன்னு நெனைச்சேன்."

கடல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு சட்டைக் கையை மடித்து
மணிக்கட்டை நீட்டினார்.
"எனக்கும் ஒரு தடவை."

தொண்ணூற்று நாலு.
இத்தனைக்கும் மொபெட்டில்தான் வந்தார்.
பத்து நிமிஷம் கழித்துப் பார்க்கலாம் என்று
மூன்று பேரும் நிழலில் நின்றோம்.