ஐந்து மில்லிமீட்டர்

ஒன்றரை லிட்டர். ஒரு மணி நேரத்தில் குடிக்க வேண்டும்.
காசை நக்கிய மாதிரி ஒரு பின்சுவை.
கழிவறை எந்தப் பக்கம் என்று
முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டேன்,
நாலு வருஷப் பழக்கம்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நான் பார்ப்பது சில்லுகள்.
மைக்ராஸ்கோப்புக்கு அடியில்
மயிரிழையில் பத்தில் ஒரு பங்கு கீறல் இருந்தாலும்
சிவப்புத் தட்டு.
இன்று தட்டில் நான்.

குப்புறப் படுக்கச் சொன்னாள் ஹிதாயா.
குடல் தன் போக்கில் நெளிவதை முதலில் படம் பிடித்தார்கள்.
பிறகு கையில் ஓர் ஊசி,
குடலை அசையாமல் நிறுத்த.
'தாரிக் நஃபாஸ்… தாஹான்.'
இழுத்தேன், அடக்கினேன்.
தகரத்தில் சம்மட்டி அடிப்பதுபோல் இயந்திரம்.
பத்தொன்பதுவரை எண்ணினேன்,
இருபதில் விடச் சொன்னாள்.

'யார் வயிற்றெரிச்சலோ உன்மேல் விழுந்திருக்கு'
என்றாள் நாத்தனார் ஒருமுறை.
ஒரு சாண் வயிறு என்பார்கள்.
சிறுகுடலின் கடைசியில் எரிந்ததும் ஒரு சாண்தான்.
வேறு யாருடையதும் இல்லை அண்ணி, என்னுடையது.

பத்து நாள் கழித்து
டாக்டர் கோ இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தார்.
மார்ச். நவம்பர்.
நடுவே ஆறு முறை நரம்பில் மருந்து,
ஆறு நாள் சம்பளமில்லா விடுப்பு.
அழற்சி இருக்கும் இடத்தில் தண்ணீர் நகர முடியாது,
அதனால்தான் வெள்ளையாகத் தெரிகிறது என்றார்.
பார்த்தேன்.
மாலை ஆறரைக்குப் பினாங்குப் பாலம்,
நகராத கார்களின் விளக்குகள்.
மார்ச்சில் பாலம் முழுக்க.
நவம்பரில் பிறை பக்கம் இறங்கும் இடத்தில் மட்டும்
கொஞ்சம் நெரிசல்.

குடல் சுவர் ஒன்பதிலிருந்து ஐந்துக்கு வந்திருக்கிறதாம்.
மூன்று என்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.
மருந்து கேட்கிறது என்றார்,
ஆனால் நிறுத்த முடியாது, இன்னும் எத்தனை மாதம் என்று
இப்போது சொல்லவும் முடியாது.
வயிற்றில் பால் வார்த்தீர்கள் டாக்டர் என்று
வாய்வரை வந்தது.
பால் எனக்கு ஒத்துக்கொள்ளாது,
அவருக்குத் தமிழ் தெரியாது.
தேங்க்யூ என்றேன்.

அன்று ராத்திரி ஷிப்டு.
மூன்றாவது தட்டில், ஓரமாய் ஒரு கீறல்.
பாதிதான் ஓடியிருந்தது, நடுவுக்கு வரவில்லை.
இடுக்கியோடு கை
கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.
பக்கத்து மேசையிலிருந்து சுலோச்சனி
'என்ன?' என்றாள்.
ஒன்றுமில்லை என்று
சிவப்பில்தான் போட்டேன்.
இங்கே இரண்டு தட்டுதான்.