இருநூற்றுப் பத்து கிலோ இலை

கார்டு இரண்டு முறை திரும்பி வந்தது.
கோத்தகிரி வங்கியில் கவுன்ட்டர் பெண்
வெளிநாட்டில் என்ன வாங்குறீங்க என்றாள்.
வாங்கவில்லை, வாடகைக்கு.
வீடா?
இல்லை, ஒரு கம்ப்யூட்டர்.
இங்கே கிடைக்காதா என்று கேட்டவள்
பதிலுக்குக் காத்திராமல்
படிவத்தில் முத்திரையைக் குத்தினாள்.

மாதம் மூவாயிரத்து ஐந்நூற்று எழுபது.
கிலோ பதினேழு ரூபாய்க்குப் போகும் இந்த வாரத்தில்
இருநூற்றுப் பத்து கிலோ பச்சை இலை.
ஆறு வருடம் ஃபேக்டரியில் இலைக்கணக்கு எழுதியவள் நான்.
எந்தத் தொகையும்
மூட்டையாகித் தராசில் ஏறிய பிறகுதான்
எனக்குப் புரியும்.

இதுவரை இருந்தது ஒண்டுக்குடித்தனம்.
எவனோ ஒருவன் குப்பை மெயில் அனுப்புவான்,
பெள்ளி கவுடரின் கேரட் விதை பில்கள்
போன வேகத்தில் திரும்பி வரும்.
"உன் கம்பெனி மேல நம்பிக்கையா ஒரு வார்த்தை சொல்லும்மா" என்பார்.
கம்பெனி என்பது நானும்
ஒரு மடக்கு மேசையும்.

இனி தனி வீடு.
குழாயும் என்னுடையது,
அடைப்பும் என்னுடையது.

இரவு பதினொன்று நாற்பதுக்கு மெயில் வந்தது.
நான்கு எண்கள், நடுவே மூன்று புள்ளிகள்,
ஒரு பாஸ்வேர்டு.
எழுதி வைக்கக் கூடாது என்று தெரிந்தே
எடைச்சீட்டின் பின்னால் எழுதினேன்.
பிங் அடித்தேன்.
நூற்று அறுபத்தெட்டு மில்லிசெகண்டில்
இருக்கிறேன் என்றது.
மறுபடி. இருக்கிறேன்.
மறுபடி.
கடைசி பஸ் அரவேணு வளைவில்
ஒரு ஹார்ன் அடித்து முடிப்பதற்குள்
ஜெர்மனி போய்த் திரும்பி விட்டது என் குரல்,
பத்துத் தடவையாவது.

பதினான்காவது நிமிடம்
யாரோ கதவைத் தட்டினார்கள்.
லாக்கில் வரி வரியாக:
ரூட், அட்மின், டெஸ்ட், மறுபடி ரூட்.
பெயர் தெரியாத ஊர்களிலிருந்து
பெயர்களை மாற்றி மாற்றி.
விளக்கெண்ணெய்க்காகக் கரடி
கோயில் கதவைப் பெயர்க்கும் ஊர்க்காரி நான்,
தட்டுகிற சத்தத்துக்குப் பயந்தவள் இல்லை.
ஆனால் கரடிக்குப் பசி.
இவற்றுக்கு என்ன?
விடியும்வரை தாழ்ப்பாள் போடக் கற்றேன்.
ஒரு தரம் என்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்டு
ரீஸ்டார்ட் கேட்டு எழுதினேன்,
அறிமுகமில்லாத ஒரு மத்தியாஸுக்கு.
நான்கே சொல்லில் பதில் போட்டார். கோபமில்லை.

புது இடத்துக்கு மாற்றி விட்டேன் என்றதும்
நான்கு வாடிக்கையாளரும் கேட்டது ஒன்றுதான்:
கரண்ட் போனா?
போகாது என்றேன்.
மலையில் யாரும் சொல்லக் கூடாத வார்த்தை.

ஐப்பசி இரண்டாம் வாரம்
சில்வர் ஓக் ஒன்று லைன் மேல் சாய்ந்தது.
வெளிச்சம் போனது, டவர் போனது,
மோட்டார் போய்த் தண்ணீரும் போனது.
மூன்று நாள்.
அணைந்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு
அங்கே என்ன ஆயிற்றோ என்று நான்,
ஏதோ அடுப்பில் பாலை வைத்துவிட்டு
ஊருக்கு வந்தவள் மாதிரி.

நான்காம் நாள் முதல் பஸ்.
குஞ்சப்பனை தாண்டியதும் காது அடைத்தது.
மேட்டுப்பாளையத்தில் ஒரு பரோட்டாக் கடை,
கல்லாவுக்குக் கீழே ஒரு பிளக்.
உள்ளே போனேன்.

முப்பத்து மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது.
ஒரு நொடி நிற்கவில்லை.
லவினாவின் ஹோம்ஸ்டேயில் இரண்டு அறை புக் ஆகியிருக்கிறது,
கொடநாடு சாலையில் மரம் கிடப்பது தெரியாத
யாரோ ஒரு திருச்சிக்காரர்.
கதவைத் தட்டியவர்கள் பதினோராயிரம்.
கடைசியாக உள்ளே வந்தவர்: நான்,
மூன்று நாளுக்கு முன்பு.

சந்தோஷப்பட வேண்டிய இடம் இது.
நான் இல்லாததை அது கவனிக்கவே இல்லை
என்பதில் எங்கோ சுருக்கென்றது.
இரண்டாம் மாத வாடகையை அங்கேயே கட்டினேன்.
கார்டு முதல் முறையே போனது.

சார்ஜுக்குத் தனியா பத்து ரூபா என்றார் கல்லாக்காரர்.
கொடுத்தேன்.
அரைக் கிலோவுக்குக்
கொஞ்சம் மேலே.